ஷாக் அடிக்காத கம்பி அறுந்தால்

ஒரு மே மாதத்து மாலை. காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் ஊர்த் தோப்புகளில் மாங்காய்ப் பறிப்பு நடந்துகொண்டிருந்த நாட்கள். மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று அன்று கொஞ்சம் கடுமையாகவே அடித்தது. காற்று அடங்கிய நேரத்தில் எங்கள் வீட்டு மின்விசிறி திடீரென்று வேகமெடுத்தது. ரெகுலேட்டர் இரண்டில்தான் இருந்தது. கூடத்து விளக்கைப் பார்க்கக் கண் கூசியது. வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டுத் திண்ணையில் தொங்கிய குண்டு பல்பு அடுப்புத் தணல்போலச் சிவந்து மங்கிக் கிடந்தது. "உங்கள் வீட்டில் மட்டும் எப்படி இவ்வளவு வெளிச்சம்?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டு முடிப்பதற்குள் எங்கள் டிவியிலிருந்து பட்டென்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாடை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அதற்குள் தெருவில் இரண்டு டிவிகளும் ஒரு ஃபிரிட்ஜும் ஏராளமான செல்போன் சார்ஜர்களும் போய்விட்டன.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "ஹை வோல்டேஜ் வந்துவிட்டது." எங்கிருந்தோ கூடுதல் மின்சாரம் பாய்ந்து வந்ததாகவே ஊர் நம்பியது. டிரான்ஸ்ஃபார்மரோ அன்று ஒரு வோல்ட்கூட அதிகமாக அனுப்பவில்லை. எங்கள் தெருவின் மூன்றாவது கம்பத்தில் நியூட்ரல் கம்பியின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் அந்தக் கம்பத்துக்கும் இடையில் இருந்த வீடுகளில் எந்தச் சேதமும் இல்லை. கம்பத்தைத் தாண்டிய வீடுகள்தான் அடி வாங்கின.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்துகிறவன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் "நியூட்ரல் என்றால் என்ன?" என்று கேட்பேன். "ஷாக் அடிக்காத கம்பி, சார்" என்ற பதில்தான் முதலில் வரும். மாணவர்கள் இதைத் தங்கள் ஊர் வயர்மேன்களிடமிருந்தும் அப்பா, மாமாவிடமிருந்தும் கேட்டு வந்திருக்கிறார்கள். இந்தப் பதிலை நான் அஞ்சுகிறேன். ஷாக் அடிக்காத கம்பிதானே என்ற எண்ணத்தில்தான் அதன் முறுக்கைத் தளர்வாக விடுகிறோம், அதன் திருகை முழுதாக முடுக்காமல் போகிறோம், அது கிடைக்காத இடத்தில், மண்ணில் இறக்கிய எர்த் கம்பியை இழுத்துக் கொடுத்துச் சமாளிக்கிறோம். நியூட்ரல் ஷாக் அடிக்காமல் இருப்பது அது கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும் வரைக்கும்தான். கட்டு விட்டுப்போனால் அதைவிடப் பொல்லாத கம்பி வீட்டில் வேறு இல்லை.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். மின்சாரம் குழாயில் தண்ணீர் வருவதுபோல வீட்டுக்கு வந்து செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் ஒரு கம்பி போதுமே, இரண்டாவது எதற்கு? தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தில் சுற்றிய கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து மாறி மாறி இழுக்கிறோம். கயிறு எங்கும் போய்விடுவதில்லை. அங்குமிங்கும் அசைகிறது, அவ்வளவுதான். வெண்ணெய் திரள்வது மத்து சுழலும் இடத்தில். நம் வீட்டு மாறுதிசை மின்னோட்டமும் இதே ஆட்டம்தான். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓட்டம் மாறுகிறது. மத்து இருக்கும் இடத்தில் மின்விசிறியோ மிக்ஸியோ இருக்கிறது. ஒரு முனையை விட்டுவிட்டால் மறுமுனையை எவ்வளவு இழுத்தாலும் மத்து சுழலாது. அந்த இரண்டாவது முனைதான் நியூட்ரல். முதல் முனை, தொட்டால் ஷாக் அடிக்கும் ஃபேஸ். ஃபேஸ் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலிலும் அதே 5 ஆம்பியர் ஓடுகிறது, இம்மியும் குறையாமல். ஷாக் அடிக்காத கம்பி என்பதால் அதில் மின்சாரமே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பிறகு ஏன் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை? விடை தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது வேலிக்கு வெளியே நின்று மேலே பாருங்கள். 11,000 வோல்ட் கம்பிகள் மூன்று வந்து உயரமான மூன்று பீங்கான் குமிழ்களில் இணைகின்றன. வெளியேறும் பக்கத்தில் குட்டையான குமிழ்கள் நான்கு. மூன்று நுழைந்து நான்கு வெளியேறினால் நான்காவது எங்கிருந்து வந்தது? டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேதான் பிறந்தது. வெளியேறும் பக்கத்தில் இருக்கும் மூன்று சுருள்களிலிருந்தும் தலா ஒரு நுனி ஒரே புள்ளியில் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அந்த முடிச்சிலிருந்து வெளியே வரும் கம்பிதான் நியூட்ரல். மற்ற மூன்று கம்பிகளும் மூன்று ஃபேஸ்கள். அந்த முடிச்சை அங்கேயே தடித்த பட்டைகளால் தரைக்கும் இறக்கி, மண்ணில் புதைத்த குழாய்களோடு இணைத்துவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் நிற்கும் மண்ணும் நியூட்ரலும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் மண்ணில் நின்று நியூட்ரலைத் தொட்டால் உடம்பு வழியே ஓட்டம் பாய்வதற்குக் காரணம் இல்லை. ஃபேஸைத் தொட்டால் 230 வோல்ட் வித்தியாசம். உடம்பு பாலமாகிவிடுகிறது.

தரையில் இறக்காமல் விட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. தரையோடு கட்டாத அமைப்பு கயிறில்லாத பரிசல் மாதிரி. மண்ணைப் பொறுத்து எந்தக் கம்பி எத்தனை வோல்ட்டில் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் காப்பு கெட்டு 11,000 வோல்ட் சுருள் இந்தப் பக்கத்துச் சுருளைத் தொட்டுவிட்டால் அந்த அழுத்தம் நேராக வீடுகளுக்குள் வந்துவிடும். தரையிணைப்பு இருந்தால் பெரும் ஓட்டம் மண்ணுக்குள் இறங்கி ஃபியூஸ் எரிந்து லைன் துண்டிக்கப்படும்.

அந்த மே மாலை நடந்ததைப் புரிந்துகொள்ள மும்முனை மின்சாரத்துக்குள் போக வேண்டும். இதற்கு நான் வகுப்பில் கரும்பலகையை விட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். எருதுவிடும் விழா நடக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கயிறும் வளையமும் நன்றாகவே புரியும். ஓர் இரும்பு வளையத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி, முக்கோணத்தின் மூன்று மூலைகளில் மூன்று மாணவர்களை நிறுத்தி இழுக்கச் சொல்வேன். மூவரும் ஒரே பலத்தில் இழுத்தால் வளையம் நடுவில் அசையாமல் நிற்கும். மூலைகள்தான் மூன்று ஃபேஸ்கள். வளையம் நியூட்ரல் புள்ளி. வளையத்திலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரம் அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகளுக்குக் கிடைக்கும் வோல்டேஜ், அதாவது 230. மூலைக்கு மூலை உள்ள தூரம் அதைப்போல் 1.73 மடங்கு, அதாவது சுமார் 400. ஒருவன் எவ்வளவு பலமாக இழுக்கிறான் என்பது அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகளின் மொத்த லோடு, அதாவது அங்கே ஓடும் கருவிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரம்.

மூன்று ஃபேஸிலும் தலா 10 ஆம்பியர் ஓடினால் நியூட்ரலில் ஓடுவது பூஜ்யம். மூன்று ஓட்டங்களும் மூன்றில் ஒரு பங்கு சுழற்சி இடைவெளியில் ஏறி இறங்குவதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வயல்வெளி ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மூன்று கம்பி மட்டும் போவது இதனால்தான். ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாரானாலும் சரி, கிரானைட் பட்டறையின் அறுவை எந்திரமானாலும் சரி, மூன்று சுருளும் சமமாக இழுப்பதால் அதற்கு நியூட்ரல் தேவைப்படுவதில்லை. வீடுகள் அப்படியில்லை. ஒரு வீட்டில் வெந்நீர் காய்கிறது, இன்னொரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு ஃபேஸில் 20 ஆம்பியரும் மற்ற இரண்டில் தலா 10 ஆம்பியரும் ஓடினால் மிச்சமாகும் 10 ஆம்பியர் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. மைதானத்தில் இதை எப்படிக் காட்டுவது? வளையத்திலிருந்து நான்காவது கயிறு ஒன்றை எடுத்து நடுவில் அடித்த முளையில் கட்டிவிடுவேன். யார் எவ்வளவு பலமாக இழுத்தாலும் முளை வளையத்தை விடாது. பிறகு அந்த நான்காவது கயிற்றை அவிழ்ப்பேன். வளையம் பலசாலியின் பக்கம் சரசரவென்று ஓடிவிடும்.

அந்த ஓட்டம்தான் எங்கள் தெருவில் நடந்தது. பலமாக இழுத்தவனுக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது. அதாவது நிறைய லோடு போட்டிருந்த எதிர்வீட்டு ஃபேஸில் வோல்டேஜ் விழுந்து, பல்பு தணலாக மங்கியது. வலுவில்லாதவனுக்கும் வளையத்துக்கும் உள்ள தூரம் கூடுகிறது. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஒரு டிவியும் மட்டும் ஓடிய எங்கள் ஃபேஸில் வோல்டேஜ் ஏறியது. சிக்கனமாக இருந்த வீடுகளுக்கே சேதம் அதிகம்.

எவ்வளவு ஏறும்? ஓர் எளிய கணக்கு. ஒரு ஃபேஸில் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் மட்டும் ஓடுகிறது, அதன் மின்தடை ஏறத்தாழ 26.5 ஓம். இன்னொரு ஃபேஸில் 200 வாட் அளவுக்கு லோடு, அதன் மின்தடை 264.5 ஓம். மூன்றாவது ஃபேஸில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் அறுந்ததும் இந்த இரண்டு வீடுகளும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக, சரவிளக்கின் இரண்டு பல்புகள்போல மாட்டிக்கொள்கின்றன. ஓடும் மின்னோட்டம் 1.4 ஆம்பியருக்கும் குறைவு. ஹீட்டர் வீட்டுக்குக் கிடைப்பது வெறும் 36 வோல்ட். மற்ற வீட்டுக்கு 364 வோல்ட். நிஜத்தில் டிவியும் ஃபேனும் இவ்வளவு நேர்கோட்டுக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஆனால் போக்கு இதுதான், 300 வோல்ட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டம் 1.4 ஆம்பியர்தான். வீட்டில் இருக்கும் எம்சிபி என்ற தானியங்கித் துண்டிப்பான் 16 அல்லது 32 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். ஃபியூஸ் கட்டையிலிருக்கும் கம்பியும் அப்படியே. "எம்சிபி போட்டிருந்தும் டிவி எரிந்துவிட்டதே" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எம்சிபி மீது குற்றமில்லை. அது ஆம்பியரைப் பார்க்கும் காவல்காரன், வோல்டேஜைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. ஆர்சிசிபி என்ற கசிவுத் துண்டிப்பானும் இங்கே பெரும்பாலும் அசையாது. ஃபேஸில் போவதும் நியூட்ரலில் வருவதும் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் வித்தியாசப்பட்டால்தான் அது விழும். நியூட்ரல் வெளியே கம்பத்தில் அறுந்தாலும் வீட்டு எல்லைக்குள் இரண்டும் சமமாகத்தான் ஓடுகின்றன. இதற்கென்றே இருப்பது வோல்டேஜ் புரொடெக்டர் என்ற சிறு கருவி. மெயினுக்கு அடுத்து வைத்தால், வோல்டேஜ் ஏறத்தாழ 270-ஐத் தாண்டியதும் மொத்த வீட்டையும் துண்டித்துவிடும். மேல்நிலைக் கம்பிகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் நம் ஊர் வீடுகளுக்கு ஏசியை விடவும் இன்வெர்ட்டரை விடவும் முதலில் வாங்க வேண்டிய பொருள் இது என்பது என் உறுதியான கருத்து.

நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக நினைப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன். உயிர்கள் போவது இங்கேதான். இரண்டும் டிரான்ஸ்ஃபார்மரடியில் ஒன்றாகத் தரையில் இறங்குகின்றன என்பது உண்மை. அதை வைத்து "இரண்டும் ஒன்றுதான், நியூட்ரல் இல்லாவிட்டால் எர்த்தில் கொடுத்துக்கொள்ளலாம்" என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாட்டுக்கொட்டகைக்கு ஒரே ஒரு ஃபேஸ் கம்பியை இழுத்து, மண்ணில் ஓர் இரும்புக் கடப்பாரையை அடித்து, அதையே மறுமுனையாக்கி விளக்கு எரியவிட்டிருப்பதைப் பாலக்கோடு பக்கமும் ஊத்தங்கரை பக்கமும் நானே பார்த்திருக்கிறேன். 9 வாட் எல்இடி பல்பு எரியவும் செய்கிறது. அது எரிவதுதான் ஏமாற்று.

தருமபுரி, கிருஷ்ணகிரி மண் எப்படிப்பட்டது என்று கிணறு வெட்டியவர்களைக் கேளுங்கள். நாலடி சரளை, அதற்குக் கீழே பாறை. ஈரக் களிமண்ணில் மின்சாரம் ஓரளவு எளிதாகப் பரவும். வறண்ட சரளையில் அதற்குப் பத்து மடங்கு தடை இருப்பது வியப்பில்லை. 500 ஓம்-மீட்டர் தன்தடை கொண்ட மண்ணில் இரண்டரை மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட குழாயைப் புதைத்தால் அந்த எர்த்தின் மின்தடை 176 ஓம் அளவுக்கு வரும். அதில் ஓர் இஸ்திரிப் பெட்டியை நியூட்ரலுக்குப் பதிலாக மாட்டுவதாகக் கணக்கிடுங்கள். 1000 வாட் பெட்டியின் தடை 53 ஓம். மொத்தம் 229 ஓம். ஓடுவது 1 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது 53 வோல்ட், அது சூடாகக்கூட ஆகாது. மீதி 177 வோல்ட் எங்கே? எர்த் கம்பியில் நிற்கிறது. அதே எர்த் கம்பியோடுதான் ஃபிரிட்ஜின் உடம்பும் வாஷிங் மெஷினின் உடம்பும் கிரைண்டரின் உடம்பும் இணைக்கப்பட்டிருக்கின்றன. யாரோ ஒருவர் இஸ்திரி போட முயன்ற நேரத்தில் சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறக்கப் போகும் அம்மாவின் கைக்கு 177 வோல்ட் காத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிளக் பாயிண்டில் எர்த் கம்பி வராத பழைய வீடுகளில், அந்தத் துளையிலிருந்து நியூட்ரல் துளைக்கு ஒரு சிறு கம்பியைப் பாலம் போட்டுவிடுவார்கள். டெஸ்ட் பல்பு வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பதாகவே காட்டும். வீட்டுக்காரர் திருப்தியாகிவிடுவார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் நியூட்ரல் ஒரு நாள் விட்டுப்போகும்போது, மின்விசிறியோ விளக்கோ எது போட்டிருந்தாலும் அதன் வழியாக ஃபேஸ் நியூட்ரலுக்கு வந்து, அந்தச் சிறு பாலத்தைக் கடந்து, நேராக ஃபிரிட்ஜின் கதவில் வந்து நிற்கும். போலி எர்த்தை விட எர்த்தே இல்லாத பாயிண்ட் மேல் என்பேன், எர்த் இல்லை என்று தெரிந்தாவது எச்சரிக்கையாக இருப்பார்கள்.

மண் மோசமான கடத்தி என்றால் ஷாக்கும் குறைவாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். ஃபியூஸை எரிப்பதற்குத்தான் அது போதாது, உயிரை எடுப்பதற்குத் தாராளமாகப் போதும். ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு மார்பு வழியே பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துவிடலாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விளைநிலத்தில் சட்டவிரோதமாகப் போடப்பட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. இப்படிப்பட்ட வேலிகளில் நியூட்ரல் கம்பி இருப்பதில்லை. ஃபேஸ் மட்டும் வேலிக் கம்பியில் கொடுக்கப்பட்டிருக்கும். மின்சாரத்துக்குத் திரும்பும் வழி எது? விலங்கின் உடம்பு, அதன் காலடி மண், அங்கிருந்து நிலத்துக்குள்ளாகவே டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் குழாய் வரைக்கும். யானைக்குப் பதில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் சிக்கிய செய்திகளையும் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

வீட்டுக்குள் வருவோம். சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும், வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று நாற்காலி மேல் ஏறிப் பல்பு மாற்றுகிறவருக்கு அது தெரியாது. அணைத்த எல்இடி பல்பு இரவில் மின்மினிபோல லேசாக ஒளிர்ந்துகொண்டிருந்தால் இந்தத் தவறும் காரணமாக இருக்கலாம், ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய வீடுகளில் மெயின் போர்டில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு ஃபியூஸ் கட்டைகள் இருக்கும். பார்க்கப் பாதுகாப்புபோலத் தோன்றும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் எரிந்தால் வீடே இருண்டுவிடும், ஆனால் ஒவ்வொரு கம்பியிலும் உயிர் இருக்கும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வேலை செய்யத் தொடங்குகிறவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது, துண்டித்தால் ஃபேஸோடு சேர்த்து ஒரே இழுப்பில் துண்டிக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. அந்தக் கட்டைகள் இன்னமும் பல வீடுகளில் இருக்கின்றன.

டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போது பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் எரிகிறதா? "ரிட்டர்ன் காட்டுகிறது" என்பார்கள் வயர்மேன்கள். உங்கள் வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஃபேஸ் ஏதோ ஒரு விளக்கின் வழியாகச் சுற்றிக்கொண்டு நியூட்ரல் துளைக்கு வந்து நிற்கிறது. உங்கள் வீடு மட்டும் இருண்டு இப்படிக் காட்டினால் கோளாறு உங்கள் சர்வீஸ் வயரிலோ மெயின் போர்டிலோ இருக்கும். சில வீடுகள் பளிச்சென்றும் சில வீடுகள் மங்கியும் எரிந்தால் அது தெருக் கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நடந்திருக்கிறது. இரண்டாவது நிலை என்றால் யோசிக்கவே நேரமில்லை. முதலில் மெயினை இறக்க வேண்டும், அடுத்தது அக்கம்பக்கத்தாரைக் கூவி இறக்கச் சொல்ல வேண்டும், அதற்கும் அடுத்ததுதான் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன். கம்பத்தில் ஏறுவதற்கு ஊரில் யாராவது துணிச்சல்காரர் முன்வருவார், அவரைத் தடுத்து நிறுத்துங்கள். அறுந்து தொங்கும் நியூட்ரல் முனையில் மற்ற வீடுகளின் ஃபேஸ் வந்து நிற்கும். கீழே இருக்கும்வரை ஷாக் அடிக்காத கம்பி என்று பழகிய கை, மேலே அதைப் பயமில்லாமல் பிடித்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டு வழக்கப்படி நியூட்ரல் கருப்பு, ஃபேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், எர்த் பச்சை. வெளிநாட்டு முறையில் தயாராகும் கருவிகளின் வயரில் நீலம்தான் நியூட்ரல், பழுப்பு ஃபேஸ். நீலத்தைக் கண்டதும் எந்த முறை என்று பார்க்காமல் இணைத்துவிடக் கூடாது. மூன்று துளை சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது, பெரிய எர்த் துளை மேலே இருந்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல்.

ஆர்சிசிபி வாங்குவோர் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு. சில மலிவான எலெக்ட்ரானிக் வகைகள் தாம் வேலை செய்வதற்கே நியூட்ரலை நம்பியிருக்கின்றன. நியூட்ரல் அறுந்தால் அவை உறங்கிவிடும், ஃபேஸோ உயிரோடு இருக்கும். வோல்டேஜை நம்பாமல் கசிவு மின்னோட்டத்தாலேயே இயங்கும் வகையை வாங்குவதற்குக் கூடுதலாகச் செலவழிக்கும் பணம் வீண் போகாது. இன்வெர்ட்டர் மாட்டும்போதும் இந்த நியூட்ரல் பிரச்சினை வரும். ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கும் நியூட்ரலையும் பின்னால் இருக்கும் நியூட்ரலையும் கலந்துவிட்டால் அது காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். தொல்லை என்று அதைக் கழற்றி எறிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கருவி கெட்டிருக்காது, கம்பிகள் கலந்திருக்கும்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் லைன்மேன் அண்ணன் வந்தார். லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் புது இணைப்புப் போட்டு இறங்கினார். கையில் பழைய முறுக்கு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். மேல்நிலைக் கம்பி அலுமினியம், அதன்மேல் எப்போதோ யாரோ செம்புக் கம்பியை நேரடியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். அலுமினியமும் செம்பும் மழை ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். பொடி மின்சாரத்தைக் கடத்தாது, இணைப்பு சூடாகும், சூட்டில் விரிந்து சுருங்கி முறுக்கு இன்னும் தளரும். பல கோடைகளாக அப்படித் தேய்ந்துகொண்டிருந்த ஒன்றை அந்தக் காற்று கடைசியாக ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. "ஃபேஸ் முறுக்கு இப்படி இருந்திருந்தால் தீப்பொறி பறந்து யாராவது சொல்லியிருப்பார்கள், சார். நியூட்ரலைப் பற்றி யாரும் புகார் கொடுப்பதில்லை" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கிவிட்டு எங்கள் வீட்டு மீட்டர் போர்டைத் திறந்தேன். நியூட்ரல் லிங்க்கின் பித்தளைப் பட்டையில் ஆறு திருகுகள். இரண்டு, ஸ்க்ரூடிரைவர் வைத்ததும் அரைச் சுற்று உள்ளே போயின. ஒன்றின் அடியில் கம்பியின் காப்பு கருத்து இறுகியிருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினேன். பிறகு எதிர்வீட்டு அத்தை கூப்பிட்டு, அவர்கள் போர்டையும் பார்க்கச் சொன்னார். அங்கே பீங்கான் கட்டைகள் இரண்டு இருந்தன.